காப்புக் கையில் ஊசி

1

காப்பு கட்டி மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, பள்ளிக்கூடக் கண்டீனில் பிள்ளைகளுக்கு மீ நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தபோது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பேசியது கோமதி மிஸ்ஸி. கோலா சிலாங்கூர் பக்கத்தில் நர்ஸம்மாவை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். வந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரித்தவள்தான் நான். இப்போது எனக்கும் வேறு வார்த்தை வாயில் வருவதில்லை.

“அக்கா, கோவிட் பூஸ்டருக்குப் பேரு குடுத்திருந்தீங்கல்ல? ஆளு சேந்துடுச்சு. நாளைக்குக் காலையில புட்டியத் தொறக்கறோம். வந்துடுங்க. விட்டுட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது லா.”

ஒரு புட்டியைத் திறந்தால் அன்றைக்கே அதைத் தீர்த்தாக வேண்டும், மிச்சம் வீணாகிவிடும். அதனால் எங்கள் கிளினிக்கில் போதிய ஆள் சேரும்வரை திறப்பதில்லை. நான் பேர் கொடுத்து வாரக்கணக்காகிவிட்டது. இந்தக் காலத்தில் எவன் தானாக வந்து கையை நீட்டுகிறான்? நானே மறந்துபோயிருந்தேன்.

“வர்றேன் மிஸ்ஸி” என்று சொல்லிவிட்டேன். போனை வைக்கும்போதுதான் இடது கை கண்ணில் பட்டது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கட்டிக்கொண்ட காப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுக்க வேண்டும்.

அறந்தாங்கிப் பக்கம் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, இதில் என்னடி சிக்கல் என்று தோன்றும். இருக்கிறது. இந்தக் கோயிலில் காப்பு கட்டிய உடம்பில் ரத்தம் பார்க்கக் கூடாது. ஊசி, மருந்து ஆகாது. வெட்டுக்காயம் பட்டால்கூட மஞ்சளை அப்பிக்கொண்டு கிடக்க வேண்டும். மீறினால் நேர்ந்துகொண்டது பலிக்காது என்பார்கள். பலிக்காதது மட்டும் அல்ல, யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அவர்கள் தலையிலேயே வந்து விடியும் என்பார்கள்.

நான் யாருக்காக நேர்ந்துகொண்டேனோ, அவளுக்காகத்தான் ஊசியும்.

2

“நல்லா கல்லுக் குண்டாட்டம் இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு இன்னொரு ஊசி?” இதைக் கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அரிசி மூட்டையை ஒற்றை ஆளாக இறக்கி வைப்பேன். கோவிட் காலத்தில் போடச் சொன்னதையெல்லாம் போட்டேன். கடைசியாகப் போட்டபோது இரண்டு நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்து, இனி இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன்.

அந்தக் காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. போனில் ஊசி போட்ட அத்தாட்சியைக் காட்டாவிட்டால் கறிக்கடைக்குள் விடமாட்டான். அன்றைக்குப் போடாதவன் குற்றவாளி, இன்றைக்குப் போடுகிறவள் கிறுக்கி. இரண்டு காலத்திலும் தீர்ப்பு சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான்.

என் நாத்தனார் லெட்சுமிக்குப் புற்றுநோய். நிணநீர்ச் சுரப்பியில் வருகிற வகை. சுங்கை ஆயர் தாவாரில் பாலர் பள்ளி ஆசிரியையாகத் தனியாக இருந்தவளை, முதல் சுற்று மருந்து ஏற்றியதுமே நான் போய்ப் பெட்டியைக் கட்டி என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். “அண்ணி, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?” என்றாள். “வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறு” என்றேன்.

அவளுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிக்கடி தரைக்கு இறங்கிவிடுகின்றன. சாதாரணச் சளியே அவளைப் படுக்கையில் தள்ளிவிடும். நானோ நாள் முழுக்க மூக்கொழுகுகிற நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நடுவில் நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் மலாய்க்கார இளம் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில். அந்தப் பெண் பூசி மெழுகவில்லை.

“உங்களுக்குக் கட்டாயம் இல்லை, அம்மா. நீங்கள் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள், உங்களுக்கு இதில் கிடைப்பது கொஞ்சம்தான். இது சுவர் மாதிரி தடுக்காது. சில மாதங்களுக்கு உங்களுக்கு நோய் வருகிற வாய்ப்பைக் குறைக்கும். உங்களுக்கு வராவிட்டால் இவருக்கும் கொண்டுவர மாட்டீர்கள். மாஸ்க்கும் கை கழுவுவதும் எப்படியும் வேண்டும். போடுவதாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு வாரமாவது முன்னால் போடுங்கள். முடிவு உங்களுடையது.”

முடிவு உங்களுடையது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறுநாளே போய்க் கிளினிக்கில் பேர் கொடுத்தேன்.

லெட்சுமி யார் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். குலதெய்வம் கும்பிட ஊருக்கு வந்த முருகையாவைக் கட்டிக்கொண்டு நான் இங்கே இறங்கியபோது எனக்கு ஒரு மலாய் வார்த்தை தெரியாது. வருஷா வருஷம் விசாவைப் புதுப்பிக்க குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், லீவு கிடைக்காது. லெட்சுமிதான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, என்னைக் கூட்டிப் போவாள். அதிகாரி எதையாவது கேட்டால் நான் பேந்தப் பேந்த விழிப்பேன், அவள் பதில் சொல்வாள். இன்னொரு தாள் வேண்டும் என்பான், அதற்காக ஓடுவாள். ஒரு தடவை ஓர் அதிகாரி இவள் ஏன் பேச மாட்டேன்கிறாள் என்று கேட்டதற்கு, “அவருக்கு வெட்கம், நான்தான் அவர் வாய்” என்று சொல்லிவிட்டாள். நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி, கைக்கு வந்த அன்று என்னைவிட அதிகமாக அழுதவள் அவள்தான். இன்னமும் நான் சிவப்பு ஐசிதான். குடிமக்களுக்கான நீல ஐசிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், வரும் என்று சொல்கிறார்கள், காத்திருக்கிறேன். அது வேறு கதை, அதை ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அப்படிப்பட்டவள் என் வீட்டில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, அரை இட்லியை அரை மணி நேரம் மென்றுகொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு ஊசி பெரிதா?

3

நேர்ந்துகொண்டதும் நான்தான். யாரும் சொல்லவில்லை. லெட்சுமியின் ரிப்போர்ட் வந்த அன்று கோயிலுக்குப் போய், “ஆத்தா, அவளுக்கு மருந்து நல்லபடியா ஏறி முடியட்டும், உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு டாக்டரும் வேண்டும், ஆத்தாளும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை.

ஒரு விசித்திரத்தை இங்கே வந்துதான் பார்த்தேன். நம் ஊர்த் திருவிழாவில் காப்புக் கயிற்றோடு என் சித்தி மகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் கர்ப்பக்கால ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. இங்கே அப்படி இல்லை. கப்பலில் வந்த தலைமுறை கொண்டு வந்ததை அடுத்தடுத்த தலைமுறைகள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டது, தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துத் தள்ளினார்கள், ஆளாளுக்கு ஒரு டவுனுக்குப் போய்விட்டார்கள். கையில் மிஞ்சியது கோயிலும் அதன் சட்டமும்தான். அதை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்த இறுக்கம் எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் புரிகிறது என்பதற்காகக் கழுத்தை நீட்ட முடியாது.

எனக்கு இதில் சொந்தக் கோபமும் ஒன்று உண்டு. ஊரில் எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், மலர். மணல்வாரி அம்மை போட்டது. வேப்பிலை கட்டினோம், இளநீர் கொடுத்தோம், வீட்டில் தாளிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் ஊசி வைத்தியமா என்று பெரியப்பா வகையறா மறித்தது. மலர் போய்விட்டாள். பந்தலைப் பிரிக்கும் முன்னாலேயே பேச்சு கிளம்பிவிட்டது. அம்மா ஊசி என்று வாயெடுத்ததால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாளாம். போடாத ஊசிக்கு அந்த மனுஷி சாகிற வரைக்கும் பழி சுமந்தாள். என்ன நடந்தாலும் கடைசியில் பழி ஒரு பெண்பிள்ளை தலையில்தான் இறங்கும் என்பதை நான் அந்த வயதிலேயே பார்த்துவிட்டேன்.

ஊரில் இருக்கிற என் அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். “ஏன்த்தா உனக்கு வேண்டாத வேல? ஊருல ஒரு பய போட்டுக்கறதில்ல. கோவிட்டுன்னா என்னன்னே எல்லாரும் மறந்துட்டாங்க. நீ அங்க உக்காந்துகிட்டு ஊசி ஊசிங்கிற” என்றான்.

“உன் வீட்டுல கீமோ ஏத்துற ஆளு இருக்கா?” என்றேன்.

“இல்ல.”

“அப்ப வையி போன.”

4

வீட்டில் சொல்லாமல் போயிருக்கலாம். சட்டையைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் திருட்டுத்தனமாகச் செய்ய நான் என்ன தப்பா செய்கிறேன்? சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருந்தபோது போட்டு உடைத்தேன். வார விடுமுறைக்கு வந்த மகன் தினேஷும் அன்று ஷா ஆலாமுக்குத் திரும்பாமல் இருந்தான்.

என் வீட்டுக்காரர் தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. கோபக்கார மனுஷன் அல்ல, பயந்த மனுஷன்.

“வசந்தா, வெளையாடாத. காப்பு கட்டுன கை. திருவிழா முடிஞ்சு எத்தன ஊசி வேணும்னாலும் போட்டுக்க.”

“முடிஞ்சப்புறம் புட்டி யாரு தொறப்பா? அவளுக்கு அடுத்த சுத்து வந்துடும். டாக்டரு என்ன சொன்னாங்க? ரெண்டு வாரம் முன்னாடி.”

“ஆத்தா விஷயத்துல வெளையாடாதன்றேன். அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?” அவருக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

தினேஷ் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். “மா, ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல் யூ ஆர் ஹெல்தி லா. உங்களுக்கு நீடே இல்ல. செகண்ட், இந்தக் காப்பு எல்லாம் சூப்பர்ஸ்டிஷன். கட் பண்ணி போட்டுட்டு போங்க, சிம்பிள்.”

எனக்கு வந்ததே கோபம். அப்பாவாவது பயப்படுகிறார், பயத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. இவன் பயப்படவும் இல்லை, மதிக்கவும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் தேவாரப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை. இப்போது வீட்டுக்கு வந்தால் அறைக்குள் இங்கிலீஷில் யாரோடோ சிரிக்கிற சத்தம்தான் கேட்கிறது.

“சிம்பிளாடா? உங்கத்தைக்காக கட்டுனது இது. நீ ஒன்னுக்கும் நேந்துக்க வேணாம், ஒன்னுக்கும் ஊசியும் போட வேணாம். ஆனா என்னோட சாமிய நீ வெட்டிப் போடாத.”

“ஓகே ஓகே, சில் லா மா” என்றான். அப்புறம் என்ன நினைத்தானோ, “எனிவே உங்க பாடி, உங்க சாய்ஸ்” என்று சேர்த்துக்கொண்டான். பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்துவிட்டாராம் துரை.

லெட்சுமி அதுவரை தலையில் கட்டிய துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாத்திரம் கழுவப் போனபோது மெல்ல எழுந்து பின்னாலேயே வந்தாள்.

“அண்ணி, வேணாம் லா. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்.”

“உனக்காகத்தானேடி.”

“தெரியும் அண்ணி. எனக்குப் பயமா இருக்கு. நான் படிச்சவதான், டீச்சர்தான். ஆனா ஆஸ்பத்திரில அந்த செகப்பு மருந்து ஏறும்போது எனக்கு மாரியாத்தாவத் தவிர ஒன்னும் ஞாபகம் வர்றதில்ல. அவளும் கையை விட்டுட்டா நான் எங்க போவேன்?” அவள் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன.

மற்றவர்களோடு மல்லுக்கு நிற்கலாம், இவளோடு எப்படி நிற்பது? சோப்பு நுரையில் கையைவிட்டுக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். ஆனால் அழுது முடித்த பிறகும் என் மனசு மாறவில்லை. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் நான் கண்டீனிலிருந்து கொண்டு வந்த இருமலில் அவள் போனால், ஆத்தாளைக் கேள்வி கேட்பேனா, என்னையா?

5

மறுநாள் காலை எவரையும் எழுப்பவில்லை. கண்டீனில் கூட வேலை செய்கிற மினாவிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். கோயில் அந்த வழியில்தான். பந்தல்காரர்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரம் கட்டி, தலைக்கவசத்தைக் கழற்றி, வெளியே நின்றே கும்பிட்டேன். “ஆத்தா, போயிட்டு வர்றேன். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிப்புடு” என்றேன். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. பந்தல்காரன் ஒருவன்தான் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கிளினிக் முகப்பில் வழக்கம்போல என் சிவப்பு ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குடிமகளா, இல்லை. வேலைக்கு வந்தவளா, இல்லை. பிறகு எப்படி இங்கே? கல்யாணம் பண்ணி வந்தவள். பிறந்த ஊர்? சொன்னேன். கணினியில் அந்தக் கட்டத்தில் எதை அடிப்பது என்று இரண்டு பேர் கலந்து பேசினார்கள். இத்தனை வருஷத்தில் இதற்கெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. “மெதுவா பாருங்க, நான் எங்கயும் போகல” என்று மலாயில் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். இப்போது எனக்கு நானே வாய்.

கோமதி மிஸ்ஸி ஊசியோடு வந்து, என் மணிக்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவளும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், அவளுக்கு எல்லாம் தெரியும்.

“அக்கா! காப்பு கட்டியிருக்கீங்க!”

“ஆமா.”

“பரவால்லயா? எனக்குப் பாவம் சேரப் போவுது.”

“உனக்கு ஒரு பாவமும் இல்ல. சம்பளத்துக்கு வேலை செய்யற. போடு.”

“சரி, அந்தக் கையிலயாவது போட்டுடறேன். வலது கைய குடுங்க.”

“வலது கைல கரண்டி புடிக்கணும். வலிச்சா எவன் மீ கிளறுவான்? இதுலயே போடு.”

போட்டாள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. எடுத்த பிறகு ஒரு பொட்டு ரத்தம் வந்தது, பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என்னைப் போல இன்னும் சில பேர் வரிசையில் இருந்தார்கள். ஹஜ் போகிற ஒரு வயதான தம்பதி, ஜெராமிலிருந்து வந்த ஒரு சீனக் கிழவர், அப்புறம் ஆஸ்துமாக்காரப் பெண் ஒருத்தி. நல்ல உடம்போடு வந்த கிறுக்கி நான் ஒருத்திதான். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் வரவில்லை.

6

சாயங்காலத்துக்குள் கோயில் கமிட்டிக்குத் தெரிந்துவிட்டது. மிஸ்ஸி சொல்லியிருக்க மாட்டாள். சொன்னது நானேதான், கண்டீனில் கேட்ட எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னேன். பூஜைக்குப் போனபோது கோயில் தலைவர் பெருமாள் வாசலிலேயே மறித்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், அவருடைய அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோராக, நம் ஊர்ப் பேச்சில் கங்காணியாக, இருந்தவர். அந்த அதட்டல் இவர் குரலிலும் அப்படியே இருக்கிறது. வேட்டியும் வெறும் உடம்புமாக நின்றார். பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா, பின்னால் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள்.

“நீ கொடம் எடுக்கக் கூடாது. காப்பு கட்டி ரத்தம் பாத்துட்ட. சுத்தம் கெட்டுப் போச்சு.”

“ஒரு சொட்டு தலைவரே. கொசு அதுக்கு மேல குடிக்கும். இந்தத் தோட்டத்துல காப்பு கட்டுனவங்களக் கொசு கடிக்காதா?”

மாலை கட்டுகிற இடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“எதித்துப் பேசாத! ஊருலருந்து வந்த பொம்பளைங்களுக்கே வாயி சாஸ்தி. அம்மை நோயி அவ முத்து. அதுக்கு ஊசி குத்தறது அவளையே குத்தற மாதிரி. அதான் காப்பு கட்டுனா எந்த ஊசியும் ஆகாது. எங்க தாத்தன் காலத்துலருந்து இதான் சட்டம்.”

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். இடது புஜத்தில் பழைய வெள்ளிக் காசு அகலத்துக்கு வட்டமாகக் குழிந்த தழும்புகள். அந்த வயதுக்காரர்கள் எல்லோர் கையிலும் இருக்கும்.

“அது என்னா தலைவரே, கையில?”

“எது?”

“அந்தத் தழும்பு. சின்ன வயசுல பெரியம்மைக்கு அம்மை குத்துனது தானே? யாரு குத்துனா? தோட்டத்து ஆஸ்பத்திரில டிரஸ்ஸரா? உங்கப்பா மண்டோரு, புள்ளைங்கள எல்லாம் வரிசைல நிக்க வெச்சு அவருதானே குத்த வெச்சாரு? அப்ப ஆத்தா உங்களத் தள்ளி வெச்சாளா? தலைவராதானே ஆக்குனா?”

அவர் கை தானாகப் போய் அந்த இடத்தை மூடிக்கொண்டது. “அது காப்பு கட்டாதப்ப” என்றார். குரல் பாதியாகிவிட்டது.

கன்னியம்மா விடவில்லை. “அதெல்லாம் பேச வேணாம். காப்ப அவுத்து வெச்சிட்டுப் போவச் சொல்லுங்க. அடுத்த வருசம் எடுக்கட்டும்.”

“சரி” என்று கையை நீட்டினேன். “கட்டுனது நீங்க. நீங்களே அவுருங்க.”

யாரும் அசையவில்லை. அசையவும் முடியாது. இதே கோயிலில் அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருக்கிறது. கட்டிய காப்பைக் கொடி இறங்குவதற்கு முன்னால் அவிழ்க்கக் கூடாது. யார் கை அவிழ்க்கிறதோ அவர்கள் குடும்பத்துக்கு ஆகாது. காப்பு கட்டிய வீட்டில் சாவே விழுந்தாலும் அவிழ்க்க மாட்டார்கள். எல்லாச் சட்டத்தையும் கரைத்துக் குடித்த தலைவருக்கு இது மட்டும் அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை. என்னை விரட்ட வேண்டுமானால் காப்பை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க எவனுக்குத் துணிச்சல்? நீட்டிய கை நீட்டியபடியே நின்றேன். பூசாரியைப் பார்த்தார் தலைவர். பூசாரிக்குத் திடீரென்று விளக்குத் திரியைத் தூண்டுகிற வேலை வந்துவிட்டது.

“காப்பு இருந்தா கொடம் உண்டு. இல்ல காப்ப அவுருங்க” என்றேன். கை வலி அப்போது விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது, அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடம் எடுத்தேன். வரிசையில் கடைசியாக நிற்க வைத்தார்கள், நின்றேன். எனக்கு முன்னால் போன பெண் இரண்டடி தள்ளியே நடந்தாள், நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். செம்பனைக்கு நடுவே போகிற செம்மண் பாதையில் வெயில் மண்டையைப் பிளந்தது. லெட்சுமிக்குக் கூட்டம் ஆகாது என்பதால் பாதை முனையில் காரை நிறுத்தி, மாஸ்க்கோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர். ஊசி போட்ட நாளிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். பேசினால் வாயிலிருந்து அந்தப் பயம் வந்துவிடுமோ என்றுதான் பேசவில்லை. காரைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

7

அடுத்த சுற்று மருந்து ஏற்றிச் சில நாளில் லெட்சுமிக்குக் காய்ச்சல் வந்தது. கொதிக்கிற காய்ச்சல். பல் கிட்டிப்போய், உடம்பு தூக்கிப் போட்டது. காரில் பின் இருக்கையில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

உள்ளதைச் சொல்கிறேன், நடுங்கிவிட்டேன். ஒருவேளை, ஒருவேளை என்று மனசு அடித்துக்கொண்டது. முதலில் கோவிட் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. வெள்ளை அணு அடியோடு இறங்கியிருக்கிறது, எங்கிருந்து கிருமி நுழைந்தது என்று தேடுகிறோம் என்றார்கள். மருந்து ஏற்றக் கையில் பொருத்தியிருந்த குழாயாக இருக்கலாம் என்றார்கள். பாட்டில் பாட்டிலாக மருந்து இறங்கியது, காய்ச்சல் இறங்கவில்லை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் கன்னியம்மா வந்தார், கூட இன்னொரு அம்மாள். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் மாஸ்க்கோடு அறை வாசலிலேயே நின்றார்கள். அக்கறையோடுதான் வந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், கையில் கோயில் விபூதி இருந்தது. ஆனால் வாய் அவர் வாய்தானே.

“நான் அன்னிக்கே சொன்னேன். காப்புக் கையில ஊசி போட்டா ஆத்தா சும்மா இருப்பாளா? இவ கொழுப்புக்கு அந்தப் புள்ள கெடந்து அனுபவிக்குது” என்றார், என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம்.

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு, பதில் வரவில்லை! தலைவரையே மடக்கிய எனக்கு. லெட்சுமியின் கால்மாட்டில் நின்றுகொண்டு போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா.” கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண் மூடியிருந்தவள், தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம். தலையை நிமிர்த்த முடியவில்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “அண்ணி போட மாட்டேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் அழுது அடம்புடிச்சிப் போட வெச்சேன். ஆத்தாவுக்குக் கோவம்னா என்கிட்ட வரட்டும். அண்ணியச் சொல்லாதீங்க.”

கன்னியம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரிந்த மனுஷன். கோயில் பிரகாரத்தில் சுவரைத் தொட்டுக் கும்பிடாமல் ஓரடி வைக்க மாட்டார். பொய் சொன்னால் காது நுனி சிவந்துவிடும்.

“ஆமாக்கா” என்றார். “நாந்தான் அன்னிக்குக் கார்ல கொண்டு போயி கிளினிக்ல விட்டேன்.”

இரண்டு காதும் செக்கச் செவேல் என்று இருந்தன.

கன்னியம்மா விபூதியை வாசலில் இருந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காய்ச்சல் அன்றைக்கும் இறங்கவில்லை, அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை. இறங்கியபோது லெட்சுமி முதலில் கேட்டது ரசம். இப்போது வீட்டில் இருக்கிறாள், இன்னும் சுற்றுகள் பாக்கி இருக்கின்றன. ஊசிக்குக் காரணம் அவள்தான், கொண்டுபோய்விட்டது அவள் அண்ணன்தான் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பேசிக்கொள்கிறது. யாராவது என்னிடமே வந்து அப்படியா என்று கேட்கிறார்கள். அவர்கள் இரண்டு பேரையும் பொய்யர்களாக்க எனக்கு மனசு வரவில்லை, ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.